நான்காம் மாடியில் யாரும் இல்லை

டிசம்பர் 18

அன்புள்ள வாலுவுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதினால் படிக்கிறேன் என்று சொன்னாய். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை. பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

மூன்று மாதமாக அந்த ஊரில் வேலை, விடுமுறைக்காவது வீட்டுக்கு வருவாய் என்று பார்த்தேன். அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டாய். சரி, அங்கே பிள்ளைகளோடு பொழுது போகும். கடிதம் உன் அறைக்கே போகட்டும், அங்கிருந்து அனுப்பிவைப்பார்கள் என்றாயே, அந்த விலாசத்துக்கே எழுதுகிறேன்.

இங்கே கட்டடமே காலி. பதினொரு வீட்டுச் சாவி என் கையில். செடிக்குத் தண்ணீர், ஒரு வீட்டில் மீனுக்குத் தீனி. காலையில் பனி சன்னல் வரைக்கும் ஏறி நிற்கிறது. ஆளில்லாத வீடுகளுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால், யாரோ தூங்கும்போது அவர்கள் கனவுக்குள் புகுந்துவிட்ட மாதிரி இருக்கிறது. லிஃப்ட் கீழ்த்தளத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அதற்கும் விடுமுறை, அதைப் பழுது பார்க்கிற எனக்குத்தான் இல்லை.

நான்காம் மாடிப் பாட்டு டீச்சர்கூடத் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பெட்டியை டாக்சியில் ஏற்றிவிட்டது நான்தான்.

சாப்பிட்டாயா? எழுது.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 21

பதினொரு வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. பிழை ஒன்றும் இல்லை, எழுத்துத்தான் எறும்பு ஊர்ந்த மாதிரி.

அக்கா வீட்டில் ஒரே கூச்சல். சின்னது என் மடியிலேயே தூங்குகிறது. அக்கா உங்களை விசாரித்தாள்.

ஊரார் செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், சந்தோஷம். நம் வீட்டுச் சன்னலில் இருந்த துளசியை யார் பார்க்கிறார்கள்? கேட்கக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். கை கேட்கவில்லை.

என் அம்மா இறந்த அன்று நீங்கள் ஆறாவது மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை மீட்டுக்கொண்டிருந்தீர்கள். அதைத் தப்பென்று நான் என்றைக்குமே சொன்னதில்லை. வந்த பிறகு என்ன செய்தீர்கள்? நான் தரையில் கிடந்து அழுகிறேன், நீங்கள் ஸ்டூலைப் போட்டு ஏறி ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். "சத்தம் வருது, சரி பண்ணிடறேன்" என்றீர்கள். என் சத்தம் உங்களுக்குக் கேட்கவே இல்லையா?

இதற்குப் பதில் எழுத வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நான்தான்


டிசம்பர் 25

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுத வேண்டாம் என்றாய். அதைப் பற்றி எழுதவில்லை. வேறு ஒன்று நடந்தது.

டீச்சர் செடிக்கு வாரம் ஒரு தடவை ஊற்றினால் போதும் என்றிருந்தார், அதனால் நேற்று காலைதான் நான்காம் மாடிக் கதவைத் திறந்தேன். திரை எல்லாம் மூடியிருந்தது. ஒரு திரை மட்டும் ஒரு சாண் விலகி, அந்த வழியாக வந்த வெயில் தரையில் பாய் விரித்த மாதிரி கிடந்தது. அந்த வெயிலுக்குள் இரண்டு கால்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை மட்டும் வெயிலில் வைத்திருந்தார்.

வாளித் தண்ணீர் கொஞ்சம் தரையில் சிந்திவிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் இங்க இல்ல" என்றார்.

"சரிங்க டீச்சர். நான் செடிக்கு மட்டும் ஊத்திட்டுப் போயிடறேன்" என்றேன்.

டாக்சியில் ரயில் நிலையம் வரைக்கும் போய், ஒரு காபி குடித்துவிட்டு, பின்படி வழியாகத் திரும்பி வந்துவிட்டாராம். தம்பி இந்த வருஷம் கூப்பிடவே இல்லை. எதிர்வீட்டுக்காரி "எப்பக் கிளம்பறீங்க?" என்று தினம் கேட்டாளாம். அதற்காகப் பெட்டியைக் கட்டியிருக்கிறார். இதில் பாதி அவர் சொன்னது, பாதி நானாகப் புரிந்துகொண்டது.

இன்றைக்கும் போனேன். தொட்டிகளுக்கு நடுவே ரொட்டியும் பாலும் ஆரஞ்சும் வைத்துவிட்டு வந்தேன், செடிக்கு வைக்கிற மாதிரி. நான் ஊற்றும்போது அவர் மெதுவாக எதையோ முணுமுணுத்தார். பாட்டா, பேச்சா, தெரியவில்லை. இல்லாத ஒருவரின் குரல் அப்படித்தான் இருக்கும் போல. நான் ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

யாரிடமும் சொல்லிவிடாதே. துளசி உயிரோடுதான் இருக்கிறது.

உன் வீட்டுக்காரன்


டிசம்பர் 28

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். டீச்சரை நினைத்து அழுதேனா, என்னை நினைத்து அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நான் அக்கா வீட்டில் இல்லை. போகவே இல்லை. அவள் மாமனார் வீட்டார் எல்லோரும் வருவதால் இடமில்லை என்று அக்கா சொன்னாள். உங்களிடம் வர ரோஷம் விடவில்லை. வாடகை அறையில்தான் இருக்கிறேன். விதைப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் லீவு. விதைக்கு லீவு கிடையாதே, அதனால் நான் மட்டும் போகிறேன். ஈரத்தாளில் நூறு நூறாக அடுக்கிய விதைகளில் இன்றைக்கு எத்தனை முளைத்தது என்று எண்ணி எழுதுவது என் வேலை. வெள்ளையாக ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தால், இது யாரைத் தேடுகிறது என்று தோன்றும். வாடகை அறையில் இருந்துகொண்டு, சின்னது ஒன்று மடியில் தூங்குவதாக நானே கற்பனை செய்து உங்களுக்கு எழுதினேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். உறையின் மேல் அஞ்சல் முத்திரை இருக்கும். எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்.

வாலு


டிசம்பர் 31

அன்புள்ள வாலுவுக்கு,

பார்த்தேன். முதல் கடிதத்திலேயே பார்த்தேன்.

நீயாகச் சொல்லும்வரை தெரியாத மாதிரி இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன். டீச்சருக்குச் செய்தேனே, அதே மாதிரி. உன் கடிதம் வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. இன்று காலை தண்ணீர் ஊற்றாமல், வாளியைக் கீழே வைத்துவிட்டு அவரிடமே கேட்டேன்.

"டீச்சர், நான் ஒண்ணும் கேக்காம வந்து போனேனே, அது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

அவர் செடியில் இருந்த பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார். "மொத நாள் நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் தினம் உங்க செருப்புச் சத்தம் கேட்டதும், இன்னைக்காவது ஏன் டீச்சர் போகலன்னு ஒரு வார்த்தை கேட்டுடுவாரா, கேட்டுடுவாரான்னு இருந்துச்சு. நீங்க கதவைச் சாத்திட்டுப் போயிடுவீங்க."

"ஏன் டீச்சர் போகல?" என்றேன். அழுதார். பக்கத்தில் உட்கார்ந்தேன். கை எதையாவது திருக வேண்டும் என்று துடித்தது. முட்டிக்குக் கீழே வைத்து அழுத்திக்கொண்டேன்.

அன்றைக்கு உன் பக்கத்தில் உட்காராததற்குக் காரணம் பயம், வாலு. நீ அழுவதை நிறுத்த எனக்குத் தெரியாது. ஃபேனை நிறுத்தத் தெரியும். வேறு காரணம் இல்லை.

இப்போது கேட்கிறேன். தனியாக அங்கே எப்படி இருக்கிறாய்? ராத்திரி பயமாக இருக்கிறதா? என் மேல் எவ்வளவு கோபம்?

பதிலை நேரில் சொல். மூன்றாம் தேதி காலை வருகிறேன். செடிகளை என்ன செய்வது என்று முழித்தேன். டீச்சர் கையை நீட்டினார். "நான்தான் ஊர்ல இல்லையே" என்று அவரே சொல்லிவிட்டு, "சீக்கிரம் திரும்பி வந்துட்டேன்னு சொல்லிக்கலாம்" என்று திரைகளை இழுத்துத் திறந்தார். அவர் வீடு போக மற்றப் பத்துச் சாவியும் அவரிடம்.

டூல்ஸ் பையை எடுத்து வரவில்லை.

உன் வீட்டுக்காரன்


ஜனவரி 8

அன்புள்ள என்னங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் போன பிறகு அறை கொஞ்சம் பெரிதாகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வாசலில் நீங்கள் கையை வீசிக்கொண்டு நின்றபோது அடையாளமே தெரியவில்லை. பையில்லாமல் உங்களை நான் பார்த்ததே இல்லை. முதல் நாள் முழுக்க இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் உங்கள் கண் அங்கே ஓடித் திரும்பியதைப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை நீங்கள். நான் திட்டினேன், அழுதேன், மறுபடி திட்டினேன். உட்கார்ந்தே இருந்தீர்கள். அது போதும் என்று இத்தனை வருஷம் எனக்கே தெரியாது.

இரண்டாம் நாள் ஏரிக்கரையில், பனிக்குள் நடக்கும்போது சொன்னீர்களே, அதைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மா மத்தியானத்தில், நான் வேலைக்குப் போன நேரம், "தம்பி, ஒரு சுத்து" என்று உங்களிடம் வந்து நிற்பாளாமே. மொட்டைமாடி வரைக்கும் லிஃப்டில் போய், இறங்காமலே திரும்பி வருவாளாம். ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாளாம். "மேகத்துக்குள்ள போற மாதிரி இருக்கு, என் பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க, சிரிப்பா" என்பாளாம். எனக்குத் தெரியாத ஓர் அம்மாவைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தீர்கள். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கோபம் வந்தது. உடனே போய்விட்டது.

மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கிடைக்க இரண்டு மாதம் ஆகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், இரண்டு நாள் லீவு. வீட்டுக்குப் போகும் முன்னால், பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டு, லிஃப்டில் ஒரு சுற்று. நான் கண்ணை மூடிக்கொள்வேன். எந்த மாடி வந்தது என்று சொல்லாதீர்கள்.

உங்கள்
வாலு