தலையாட்டிய எஞ்சின்

அக்கா,

சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. இன்று பஸ்ஸில் போகாதே, காரை எடு.

எஞ்சினைத் தாங்க நான் போட்ட இரும்பு மவுண்ட்டைக் கழற்றிவிட்டேன். பந்தயத்துக்குத்தான் அது லாயக்கு; எஞ்சின் அதிர்வை அப்படியே சீட்டுக்குக் கடத்துகிறது. நேற்று சிக்னலில் ஒருவர், "நான் முதல்ல திரும்பிக்கட்டுமா?" என்று கேட்டபோது நீ எங்கே தலையாட்டினாய்? எஞ்சின்தான் உன் தலையை ஆட்டியது! அவர் அதை நம்பித் திரும்பி இடித்ததில் முன்விளக்கு உடைந்தது உன்னால் இல்லை. நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை.

இப்போது பாலியூரித்தேன் மவுண்ட். ரப்பரைவிடக் கெட்டி, இரும்பைவிடச் சாது. வண்டி நிற்கும்போது லேசாக முனகும், உன்னைப்போல. டேஷ்போர்டில் டீ வைத்துப் பார்த்தேன், சொட்டுக்கூடச் சிந்தவில்லை. நைட் ஷிப்ட் வேலையை விட்டபின் நான் செய்த ஒரே உருப்படியான வேலை இது.

முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன்.

பி.கு.: "இனிமே உன் வண்டியில ஏறினா என்னை ஏன்னு கேளு" என்று கத்தினாயே. ஏறு. கேட்கமாட்டேன்.