பலாப்பழ விருந்தில் கிடைத்த டாக்டர்

பிளாக் 11, நெய்வேலி
28-6-82

அன்பு மகன் வேணுவுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. அப்பாவின் முதுகைத் தவிர இங்கே எல்லாம் சுகம், பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது. முதுகுக்கு ஆபரேஷன் வேண்டியிருக்கும் என்று இங்குள்ள டாக்டர் சொன்னாலும் சொன்னார், குவார்ட்டர்ஸ் முழுக்க ஆளுக்கொரு சர்ஜனைச் சொல்கிறார்கள். திருநெல்வேலிக்காரர்கள் மதுரை என்கிறார்கள், நம் ஆட்களுக்குக் கோயமுத்தூரை விட்டால் டாக்டரே கிடையாது. நீயோ லண்டனில் படித்தவராகப் பார் என்று எழுதுகிறாய். படிப்பைக் கண்டு எனக்கு என்ன தெரியும், வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் எழுந்து நடப்பதைக் கண்டால்தானே தெரியும்? அதனால் பண்ருட்டி பலாப்பழம் ஒன்று வாங்கிவரச் சொல்லி, முதுகு வலியென்று லீவில் போய் வந்த மைன்ஸ் ஆட்களை எல்லாம் இரண்டு வாரம் முன்னே ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். வேண்டுமென்றே தரையில் இலை போட்டேன், நாற்காலி கேட்டவர்களுக்குக் காது கேட்காதவள் மாதிரி இருந்துவிட்டேன். பாவம், மாடசாமி அண்ணனைத் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஷிப்ட் ஃபோர்மேன் சிங்காரவேல் மட்டும் கை ஊன்றாமல் எழுந்து கை கழுவப் போனார். பின்னாலேயே ஓடி, உங்களுக்கு ஆபரேஷன் செய்தது யார் என்று கேட்டேன். எனக்கு எங்க செஞ்சாங்க அக்கா, மெட்ராஸ் டாக்டரு இதுக்குக் கத்தி வேணாம், வூட்ல படுத்துக்கினு இரு, அப்புறம் எக்சர்சைஸ் செய்யின்னு திருப்பி அனுப்பிட்டாருங்க என்கிறார்!

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே, இவர்தான் நம்ம டாக்டர் என்று அன்றைக்கே பையை எடுத்து வைத்துவிட்டார். நான் விடவில்லை, அவர் கத்தி வைத்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டாமா? அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று சிங்காரவேல் சொன்ன வீரம்மாளை வடலூரில் தேடிப் போனேன், கடை வாசலில் நின்று தவிட்டு மூட்டையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் மெட்ராஸ் பஸ் ஏறினோம். டாக்டர் அப்பாவின் காலைத் தூக்கிப் பார்த்தார், விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார், இடது பாதம் பலம் இழந்துகொண்டு வருகிறது, இனியும் தள்ளிப்போட்டால் நடையே போய்விடும், ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றார். நீங்களேதான் செய்வீர்களா, உதவி டாக்டரிடம் விட்டுவிடுவீர்களா என்று கேட்டேன். நானேதான் அம்மா என்று சிரித்தார்.

அப்பா முகத்தில் ஈயாடவில்லை. ஆடி கழியட்டுமே என்று இழுத்துப் பார்த்தார், முதுகுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது என்று நான் தேதி வாங்கிவிட்டேன். திரும்பி வரும்போது பஸ் திண்டிவனம் தாண்டியதும் அவராகவே, வேண்டாம்னு திருப்பி அனுப்பற மனுஷனே எனக்கு ஆபரேஷன் வேணும்ங்கறாரு, அப்ப நெசமாவே வேணும் புஷ்பா என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கும் பயம் போய்விட்டது.

ஜூலை இருபதாம் தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். உடம்பைப் பார்த்துக்கொள், உனக்கு ஒரு குறையும் வராது. வேணுவை வரச் சொல்லி மட்டும் எழுதிவிடாதே என்று அப்பா இன்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார். அதனால்தான் சொல்கிறேன், லீவு போட்டுக்கொண்டு வந்துவிடு.

உன் அம்மா
புஷ்பவல்லி