ஒரே வூட்டிலிருந்து இரண்டு பள்ளிக்கூடம்

என் உயிர் அக்காவுக்கு,

முதல்ல நல்ல சேதி. உன் பொண்ணு மலர் நல்லா இருக்கா. போன வருஷத் தீபாவளிக்கு எடுத்த பாவாடை இப்போ கணுக்காலுக்கு மேலே ஏறிடுச்சு. சாப்பாட்டுல கருவேப்பிலையைப் பொறுக்கி ஓரமா வைக்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகலை.

ஆனா நான் நல்லா இல்லைக்கா. ஒரு காரியம் பண்ணிட்டு, சரியா தப்பான்னு தெரியாம வூட்டுக்குள்ளேயே சுத்திச் சுத்தி வரேன். யார்கிட்ட கேட்கிறது? நீ இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. அதான் உன்கிட்டயே கேட்கிறேன்.

போன வருஷம் சித்திரையில நீ காய்ச்சல்னு படுத்து, எழுந்திரிக்காமலே போயிட்டே. மாமா குவைத்திலிருந்து வந்து காரியம் முடிச்சுட்டுத் திரும்பிப் போனாரு. நான் மலரைத் திருமழபாடியிலிருந்து எங்க ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இங்கேயும் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துலதான் அஞ்சாவது சேர்த்தேன். தமிழ்ல புரிஞ்சு படிக்கட்டும், இங்கிலீஷ் பின்னாடியே வரும்னு நீ சொல்லுவியே, அதை மாத்த எனக்கு மனசு வரலை.

என் தர்ஷினி எல்.கே.ஜி.யிலிருந்தே இங்கிலீஷ் மீடியம். இவரு ஜெயங்கொண்டத்துல ஒரு பிரைவேட் ஸ்கூலுக்கு வேன் ஓட்டுறாரு இல்லையா, அதனால பொண்ணுக்கு ஃபீஸைக் குறைச்சாங்க. ரெண்டு பொண்ணுங்களும் ஒரே வயசு, ஒரே வகுப்பு. காலையில ஒருத்தி வேன்ல ஏறுவா. இன்னொருத்தி முந்திரிக்காட்டு ஓரமா நடந்து போவா.

சத்தியமா எனக்கு அது உறுத்தலை. என் நாத்தனார்தான் ஒரு காதுகுத்துல பத்துப் பேருக்கு நடுவுல சொன்னா: "தன் பிள்ளைக்கு வேன், அக்கா பிள்ளைக்கு நடை." நான் சிரிச்சு மழுப்பிட்டேன். வூட்டுக்கு வந்தப்புறம் சிரிப்பு வரலை.

அப்புறம் ஐப்பசி மழை. ஒருநாள் காலையில நல்லா ஊத்திக்கிட்டு இருந்தப்போ, மலர் குடையோட ரோட்டோரம் போறதை இவரு பார்த்திருக்காரு. வேற ஸ்கூல் பிள்ளைங்களை வேன்ல ஏத்தக் கூடாதுன்னு அங்கே கண்டிப்பு. இருந்தும் மனசு கேட்காம ஏத்திக்கிட்டாரு. பின் சீட்டுல ஒரு பொண்ணு, யாரு இதுன்னு தர்ஷினியைக் கேட்டிருக்கு.

"எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு."

இவரு கண்ணாடியில பார்த்தாராம். மலர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாளாம். சாயங்காலம் வந்து இவரு என்கிட்ட சொன்னாரு. நான் தர்ஷினியை அடிக்கப் போயிட்டேன். அப்புறம் நின்னுட்டேன். பத்து வயசுப் பொண்ணு. அவளுக்கு அந்தப் பேச்சைச் சொல்லிக் கொடுத்தது யாரு? தினம் காலையில நான்தானே ரெண்டு பேரையும் ரெண்டு பக்கமா அனுப்புறேன்?

மலர் அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலை. இன்னி வரைக்கும் சொல்லலை.

மாமாகிட்ட போன்ல பேசினேன். அந்த வேன் பேச்சைச் சொல்லலை. மலரை ஆறாவது எங்கே சேர்க்கிறதுன்னு மட்டும் கேட்டேன். எவ்வளவு ஆனாலும் அனுப்புறேன், தர்ஷினி ஸ்கூல்லயே போட்டுடுன்னு சொன்னாரு. ஏப்ரல்ல கூட்டிட்டுப் போனேன். ஒரு பரீட்சை வெச்சாங்க. கணக்கெல்லாம் போட்டுட்டா. இங்கிலீஷ்ல வாக்கியம் எழுதச் சொன்ன இடத்துல அப்படியே உட்கார்ந்திருந்தா. அங்கே இருந்த மேடம் நல்லபடியாத்தான் பேசினாங்க: ஆறாவது தாங்க மாட்டா, திரும்ப அஞ்சாவது போட்டா அடிப்படை சரியாயிடும்னாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

பஸ்ல மலர், எங்க ஊர் நிறுத்தம் வரப்போதான் சொன்னா: "மறுபடி அஞ்சாவது வேண்டாம் சித்தி. அது அம்மா செத்த வருஷம்."

அதுக்கு மேலே நான் என்னத்தைக்கா யோசிக்கிறது?

மலர் கவர்மெண்ட் ஹைஸ்கூல்னு அன்னிக்கே முடிவாயிடுச்சு. ஆனா பழையபடி ஒருத்தி வேன்ல, ஒருத்தி ரோட்டுல. இன்னும் ஏழு வருஷம் இப்படியே போனா, இதுங்க அக்கா தங்கச்சியா வளருமா, பக்கத்து வூட்டுப் பொண்ணுங்களா வளருமா? தர்ஷினியையும் மலரோடவே சேர்த்துடலாம்னு நான்தான் சொன்னேன். இவரு பயந்துட்டாரு. டிரைவரே தன் பிள்ளையை எடுத்துட்டா மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு வேலை பார்க்கிற ஸ்கூல்ல கேட்பாங்களேன்னாரு. கடைசியில ஒத்துக்கிட்டு டி.சி. வாங்கப் போனப்போ கேட்கவும் செஞ்சாங்க. ரெண்டு பிள்ளைங்களையும் பிரிக்க வேண்டாம்னு பார்க்கிறோம் சார்னு மட்டும் சொல்லிட்டு வந்தாராம். வேலை போகலை. ஆனா முன்னே மாதிரி முகம் கொடுத்துப் பேசுறது இல்லையாம்.

ஹைஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ் சந்தோஷமாச் சேர்த்துக்கிட்டாங்க. ஆறாவதிலிருந்து பன்னெண்டு வரைக்கும் கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துலயே படிச்சா டாக்டர் படிப்புக்குத் தனி ஒதுக்கீடு இருக்கு, காலேஜ் போனா மாசாமாசம் உதவித்தொகை வரும்னு சொன்னாங்க. அதை அப்படியே புடிச்சுக்கிட்டேன். கேட்கிறவங்க எல்லாருக்கும் அதையேதான் காரணம்னு சொன்னேன். நாத்தனாருக்கும்தான்.

தர்ஷினி அழலை. அழுதிருந்தா தேவலை. முதல் நாள் சாயங்காலம் சட்டையைக் கூட மாத்தாம வந்து அடுப்படியில நின்னா.

"அன்னிக்கு வேன்ல அப்படிச் சொன்னேன்ல, அதுக்குத்தான் என்னை இங்க போட்டியாம்மா?"

இல்லைன்னு சொன்னேன். அக்கா, அது இல்லையா? ஒரு பிள்ளை சொன்ன ஒரு வார்த்தைக்கு நான் ஏழு வருஷம் தண்டனை கொடுத்துட்டேனா? இல்லே, நாத்தனார் வாய்க்குப் பயந்து பண்ணினேனா? ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொண்ணு தோணுது.

இப்போ அரையாண்டுப் பரீட்சை வருது. தமிழ் டீச்சர் தங்கமானவங்க. ஆனா சயின்ஸுக்கு ஆள் வரலை, வேற டீச்சர்தான் பார்த்துக்கிறாங்க. பிரேயர்ல இங்கிலீஷ்ல நியூஸ் படிக்க தர்ஷினியைத்தான் கூப்பிடுறாங்களாம், அதுல கொஞ்சம் பெருமை. ஆனா பழைய ஸ்கூல் சிநேகிதி ஒருத்தி பிறந்தநாளுக்கு இவளைக் கூப்பிடலை. அன்னிக்கு ராத்திரி சாப்பிடாம படுத்துட்டா. பெரியவளாகி ஒருநாள், ஏம்மா என்னை இங்க போட்டேன்னு கேட்பாளோ?

இதெல்லாம் கூட நான் தாங்கிக்குவேன். போன வாரம் நடந்ததுதான் என்னை உட்கார விடலை. பள்ளிக்கூடம் விடுற நேரத்துக்கு நான் கடைக்குப் போயிட்டு வந்துட்டு இருந்தேன். முன்னாடி தர்ஷினி கையை வீசிக்கிட்டு நடக்கிறா. பின்னாடி உன் பொண்ணு ரெண்டு பையையும் சுமந்துட்டு வரா, ஒண்ணு முதுகுல, ஒண்ணு முன்னாடி. கிட்டப் போய் ஏம்மா இப்படின்னு கேட்டேன்.

"அவ எனக்காகத்தானே சித்தி இங்க வந்தா."

யாரு அக்கா அவளுக்கு இதைச் சொன்னது? நான் சொல்லலை. இவரு சொல்லலை. தர்ஷினியும் சொன்ன மாதிரி தெரியலை. தானாவே புரிஞ்சுக்கிட்டு, தானாவே தூக்கிக்கிட்டா. அந்த ஒரு பையை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு, உனக்காக இல்லைடி, உங்க ரெண்டு பேருக்காகவும்தான்னு சொன்னேன். தலையை ஆட்டினா. நம்பலை.

எனக்கு என் வாயை நினைச்சாத்தான் பயமா இருக்கு. உனக்குத் தெரியுமே, கோபம் வந்தா நான் என்ன பேசுறேன்னே எனக்குத் தெரியாது. நாளைக்குத் தர்ஷினிக்கு மார்க் குறையலாம், கேட்ட காலேஜ் கிடைக்காம போகலாம். அன்னிக்கு இந்தப் பொண்ணாலதான்னு ஒரு சொல் என் நாக்கு நுனியில வந்து நிக்கும். இப்பவே தெரியுது.

நீ செத்தப்போ நான் உனக்கு வாக்கு ஒண்ணும் கொடுக்கலை. கொடுக்க நேரமே இல்லை. இப்போ கொடுக்கிறேன். எந்தப் பள்ளிக்கூடம் சரின்னு எனக்குத் தெரியாது. தர்ஷினி திரும்பிப் போகணும்னு கேட்டா, அவளை உட்கார வெச்சுக் கேட்பேன், அனுப்பவும் அனுப்புவேன். ஆனா என்ன நடந்தாலும் அந்தச் சொல்லை மலர் காதுல விழ விட மாட்டேன். நாக்கைக் கடிச்சுக்கிட்டாவது முழுங்கிடுவேன்.

இப்படிக்கு,
இப்போ ரெண்டு பொண்ணுக்கு அம்மாவா இருக்கிற உன் தங்கச்சி,
சுமதி