உன் பேரில் வந்த திருத்தம்

புத்தூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் தேவயானிக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் இங்கே சௌக்கியம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி, காய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் நான் ஆரம்பித்ததுமே உன் நைனா பிடுங்கிக்கொள்கிறார், சொல்ல வந்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் புளியோதரைப் பொடிப் பார்சலில் இதையும் வைக்கிறேன்.

போன வருடம் நீ மாமர நோயைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில், அந்த ஏஐ கருவியின் பெயரையும் எழுதியவர்களில் ஒருவராகப் போட வேண்டும் என்று உன் புரொபசர் சொன்னார், நீ முடியாது என்று நின்றாய். எனக்கு அப்போது புரியவில்லை. அத்தனை இலைப் படங்களையும் பார்த்து நோயைப் பிரித்தது அதுதானே, பேரைப் போட்டால் நமக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். அதற்கு நீ, "அது செஞ்ச வேலைய உள்ளே தெளிவா எழுதிட்டேம்மா. மேல பேரு இருந்தா, நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா நின்னு பதில் சொல்லணும். அது நிக்குமா?" என்றாய். புரொபசர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று நீ சொன்னபோது, இந்தப் பெண்ணுக்கு எதற்கு இந்தப் பிடிவாதம், படிப்பு கெட்டுவிடுமே என்று பயந்தேன். கடைசியில் கட்டுரையை வெளியிடுகிற பத்திரிகைக்காரர்களே கருவியை ஆசிரியராக ஏற்க மாட்டோம் என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிது. பங்காருபாளையத்தில் என் அண்ணன் ரங்கன், உன் ஆய்வுக்கு இலைப் படம் எடுத்த தன் தோப்பில் பாதி மரம் நோயில் இருக்கிறது என்று உன் கட்டுரை சொன்னதை நம்பி, பூ பூத்திருக்கும்போதே மருந்து அடிக்க ஆள் சொல்லிவிட்டார். யாரும் கேட்காமல் நீயாகவே படங்களை மறுபடி பார்த்து, கல்குவாரி லாரிகள் கிளப்பிய புழுதியைக் கருவி நோய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தாய். கருவியின் பிழை என்று எழுதி முடித்துவிடு என்று உன்னோடு வேலை செய்கிறவர்கள் சொன்னார்களாம். நீ, சரிபார்க்காமல் விட்டது நான்தான் என்று உன் பேரிலேயே திருத்தம் போட்டாய், மாமாவுக்கும் மற்ற தோப்புக்காரர்களுக்கும் நீயே போன் செய்து சொன்னாய். பக்கத்து வீட்டு ருக்மணி மட்டும், "இன்னாக்கா, உம் பொண்ணு தப்பா எழுதிட்டாளாமே" என்று இழுத்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தூரில் மாந்தோப்புக்காரர்கள் கூட்டம். மாமா கூப்பிட்டார் என்று நாங்களும் போயிருந்தோம். பூச்சிமருந்துக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, வெளிநாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவர்களை நம்பினால் இப்படித்தான் என்றார். உன் நைனா தலையைக் குனிந்துகொண்டார். மாமா சும்மா இருப்பாரா? "இன்னாபா பேசற? தப்புன்னு நமக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பொண்ணே போன் பண்ணி, அடிக்காத மாமா, எம்மேலதான் தப்புன்னு அழுதுகினு சொல்லுச்சு. மெஷின் பேரு போட்டிருந்தா நான் யார வந்து கேக்கறது? பூவெல்லாம் கொட்டிப் போயிருக்கும்" என்றார். குடிபாலாவிலிருந்து வந்திருந்த இரண்டு பேர், அடுத்த ஆய்வுக்கு எங்கள் தோப்பையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று என்னிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார்கள். திரும்பும்போது உன் நைனா பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் தெலுங்கில் முழுக் கதையும் சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆள் இறங்க வேண்டிய ஊரே தாண்டிப் போய்விட்டது.

நீ அழுதாய் என்று அங்கேதான் தெரிந்தது, கண்ணு. எங்களிடம் சொல்லியிருக்கலாம். இனிமேல் தனியாக அழாதே. இப்போது யாராவது கேட்க வாயெடுத்தால் நானே முந்திக்கொண்டு, "ஆமாம், எம் பொண்ணு தப்பு செஞ்சா, அவளே சொன்னா" என்கிறேன். ருக்மணியிடமும் சொல்லிவிட்டேன்.

திருமலை சாமி உன்னைக் கண்போலக் காக்கட்டும், ஆயுசும் ஆரோக்கியமும் நிறையட்டும். ராத்திரி ரொட்டியோடு நிறுத்தாமல் ஒரு பிடி சோறாவது வடித்துச் சாப்பிடு.

உன்னைப் பெற்ற பெருமையோடு,
அம்மா தாட்சாயணி