அப்பா பெயருக்கான கட்டம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் பெயரை விட்டுவிட்டுத் திருமணப் பதிவுக்கு விண்ணப்பிக்கட்டுமா என்று நேற்று போனில் கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததை முதலில் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம், அதாவது யாருக்கும் காய்ச்சல் இல்லை, யாருக்கும் நிம்மதியும் இல்லை. அங்கே நீயும் உன்னவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும். உன் குரல் கம்மியிருந்தது. சளியா அழுகையா என்று கேட்க வாய்வரை வந்து, கேட்காமல் விட்டேன்.

நீ பேசியபோது அப்பா பக்கத்து அறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார், அதனால்தான் நான் ம், பார்க்கலாம் என்றே பேசினேன். என்னவாம் என்று கேட்டார், அங்கே குளிராம் என்றேன். நீ கேட்டதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதினால் பின்னால் வந்து நிற்பார் என்றுதான் கல்லூரியில், அடுத்த வகுப்புக்கு முன் கிடைத்த நேரத்தில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து பையிலிருந்த ஃபைலைத் திறந்து, தாள் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். பக்கத்து நாற்காலி பொருளாதாரக்காரி, என்ன மேடம், உள்ள குட்டி போட்டிருக்கா என்று கேட்கிறாள்.

நீ பிறந்த நாட்டிலிருந்து புதிதாக எடுத்த பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அந்த நாட்டு வெளியுறவுத் துறை முத்திரை வேண்டும், அதன் மேல் நீ இருக்கும் நாட்டின் தூதரக முத்திரை வேண்டும் என்று உன் திருமணப் பதிவு அலுவலகம் கேட்டபோது நான் மலைத்துப் போனேன். அப்பாவோடு வேலை பார்த்த ஒட்டகம் மாமா இன்னும் நீ பிறந்த நாட்டிலேயே இருப்பதால் தப்பித்தோம். ஒவ்வொரு வரிசையாக நின்று வாங்கி அனுப்பினார். அண்ணி, பேப்பர்ல இனி இடமில்ல, அடுத்த முத்திரைய என் முதுகுலதான் குத்தணும் என்று செய்தி வேறு. இவ்வளவும் நடந்த பிறகு, முத்திரை எல்லாம் சரி, பெயர்தான் சரியில்லை என்று உன் ஊரில் சொல்லிவிட்டார்கள்.

பெயரில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது, அதுதான் எனக்கு ஆறவில்லை. நீ பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர், இருப்பது ஓர் இனிஷியல். ஒற்றை எழுத்து ஆகாது, விரித்து எழுதுங்கள் என்றார்கள், அப்பாவும் விரித்தார். உன் இனிஷியலை விரித்தால் அப்பா பெயர். கல்யாணத்துக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்ட இனிஷியலை விரித்தாலும் அப்பா பெயர். அவருடையதை விரித்தால் அவருடைய அப்பா பெயர். ஆகவே உன் அலுவலர் பார்வையில் நீயும் நானும் ஒரே குடும்பப் பெயர் கொண்டவர்கள், அவர் மட்டும் வேறு யாரோ. வளர்ப்புத் தந்தையா என்று உன்னைக் கேட்டார்களாமே. இதைக் கேட்ட உன் தம்பி, அப்பா, பேப்பர்படி நீங்க இந்த வீட்டுல பேயிங் கெஸ்ட் என்றான். அவரும் விடவில்லை, வாடகையச் சமைச்சே கழிச்சிட்டேன்டா, போ என்றார். சிரித்தார்தான். ஆனால் அப்புறம் வெகுநேரம் போனில் அந்தச் சான்றிதழ் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் பெயர்கள் இப்படித்தான் அமையும் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும் என்று அலைந்தோம். ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கிற நோட்டரி வக்கீல், ஊருக்கே தெரிஞ்ச விஷயம்மா இது, இதுக்குப் போய் யாராவது சர்டிபிகேட் கேப்பாங்களா என்று சிரித்தார். வெளியுறவு அலுவலகத்தில் சான்றொப்பம் போடும் ஜன்னலில் இருந்த பெண், தெரிஞ்சத எழுதிக் குடுக்க எங்ககிட்ட ஃபார்ம் இல்லையேம்மா என்றாள். பிறகு அவளே இரக்கப்பட்டு, நீங்க ரெண்டு பேரும் சேந்து பிரமாணப் பத்திரம் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கிட்டு வாங்க, நான் முத்திரை போடறேன், அப்புறம் தூதரகத்துல குடுங்க என்றாள். அவள் முத்திரை வரை முடிந்துவிட்டது. நாளைக்குத் தூதரகம்.

இதில் ஒன்றைக் கவனித்தேன். நோட்டரி, நாங்கள் அவர் முன்னால் கையெழுத்துப் போட்டோம் என்கிறார். அந்தப் பெண்ணின் முத்திரை, நோட்டரியின் கையெழுத்து உண்மை என்கிறது. தூதரக முத்திரை, அவளுடைய கையெழுத்து உண்மை என்று சொல்லும். இத்தனை பேரில் நீ அவர் மகள் என்று சொல்கிறவர் ஒருவரும் இல்லை. இதை அப்பாவிடம் சொன்னதற்கு, நீ ஒருத்தி போதும், நடக்கறத நிறுத்தறதுக்கு என்றார்.

அம்மா பெயர் மட்டும் போட்டால் உடனே பதிவாகும் என்று உன் பதிவு அலுவலகத்தில் சொல்வதை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஒரு கட்டம் காலி, அவ்வளவுதான். இந்தப் பதிவுத் தேதி தவறினால் உன்னவர் வேலை மாற்றலாகிப் போகும் நாட்டுக்கு நீ மனைவியாகச் சேர்ந்து போக முடியாது, அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது, அதுவும் புரிகிறது. ஒரு கட்டம் காலியாக இருப்பதால் அவர் உன் அப்பா இல்லை என்று ஆகிவிடாது என்று என் படிப்பு சொல்கிறது. அப்படியானால் இதை அவரிடம் சொல்ல எனக்கு ஏன் நாக்கு எழவில்லை என்பதற்குப் படிப்பில் பதில் இல்லை. ஆகையால் இந்தப் பத்திரம் உன் கைக்கு வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே. அந்த அலுவலரிடம் வாதாடாதே, அவர் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் அவர் கேட்கிறார். அசலைக் கொடுத்தால் ரசீது வாங்காமல் ஜன்னலைவிட்டு நகராதே. பத்திரமாக இருக்கட்டும் என்று எதையும் லேமினேட் செய்து வைக்காதே, அதன் மேல் முத்திரை நிற்காது. வீட்டில் இருந்தால் இந்நேரம் என்னோடு சண்டை போட்டிருப்பாய், அது வேறு இல்லாமல் எனக்குக் கை ஓடவில்லை.

மணி அடித்துவிட்டது, வகுப்புக்குப் போக வேண்டும். நீ நினைத்த நாளில், நினைத்தவரோடு உன் வாழ்க்கை நல்லபடியாகத் தொடங்கட்டும், இருவரும் மனம் கோணாமல் இருங்கள். காதை மூடிக்கொண்டு வெளியே போ, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா

மறுநாள் சாயங்காலம். கவரை இன்னும் ஒட்டவில்லை, அதனால் இதையும் எழுதுகிறேன். தூதரகத்துக்கு இருவரும் போனோம். வரிசை தெருவரைக்கும் வந்திருந்தது. அங்கே நிற்கும்போது நீ கேட்டதை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். எங்கள் முறை வந்ததும் ஜன்னலில் இருந்தவர் பத்திரத்தையும் உன் பிறப்புச் சான்றிதழ் நகலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீங்க அப்பாவா என்று கேட்டார். நான்தாங்க அப்பா, வேற யாரு இந்த வெயில்ல வந்து நிப்பா என்றார் இவர். ஜன்னல்காரர் சிரிக்கவில்லை. கடைசிக் கையெழுத்தைத் தன்னிடம் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டார், உட்காரச் சொன்னார், மதியத்துக்கு மேல் முத்திரை போட்டுக் கொடுத்தார். உள்ளே எழுதியிருந்ததைப் படித்தாரா என்று தெரியாது. நாளை காலை கூரியரில் போடுகிறோம், உன் பதிவு அலுவலகத்தில் ஏற்பார்களா என்பதும் தெரியாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். அவ கேட்டதுக்கு நீ என்ன சொன்ன என்றார். ஒண்ணும் சொல்லல என்றேன். நம் நிறுத்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இதையும் ஒத்துக்கலைன்னா என் பேர விட்டுடச் சொல்லு, தேதி போகக் கூடாது என்றார். இறங்கியதும் எனக்காக நிற்காமல் வீடுவரைக்கும் முன்னால் நடந்துபோனார்.