ஈயத்தில் ஓர் அவுன்ஸ்

கோபிக்கவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் நான் நினைத்துக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்து இரண்டு கிழமையில், தபால்காரர் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து தந்தார். உள்ளே நீங்கள் அனுப்பிய மூன்று கடிதங்கள் இருந்தன. காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் அலுவலகத்துக்குத் தம்பிக்காக நீங்கள் எழுதிய மூன்றும்தான். முத்திரை போதாது, ஏற்க மறுக்கப்பட்டது என்று உறைகளில் குறித்திருந்தார்கள். வெளியே நம் விலாசம் இல்லாததால் எங்கெங்கோ கிடந்து, கடைசியில் யாரோ பிரித்துப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்கள்.

அப்பா, அந்த அலுவலகத்தில் ஒருவரும் அவற்றை வாசிக்கவே இல்லை.

நீங்கள் வேலை செய்த உப தபாலகத்தில் அவுன்ஸ் போய்க் கிராம் வந்தபோது கழித்துப்போட்ட பித்தளைத் தராசை நீங்கள் கேட்டு வாங்கி வந்தீர்கள். இடம்பெயர்ந்து ஓடிய ஓட்டத்தில் தராசு தப்பியது, படிக்கற்கள் தப்பவில்லை. திரும்பி வந்தபின் இரணைமடுக் குளத்தில் மீன்பிடிக்கிறவர்களிடம் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு வாங்கி, அராவி அராவி ஓர் அவுன்ஸ் செய்தீர்கள். எதை வைத்துச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினீர்கள்.

"தபால் கந்தோரில குடுத்து நிறுங்கோ அப்பா," என்று எத்தனை தரம் கெஞ்சினேன்.

"நாப்பது வருஷம் நிறுத்த கை இது. என்னை நிறுக்க இன்னொருத்தன் வேணுமோ?"

"அப்ப பதிவுத் தபாலிலயாவது போடுங்கோ."

"அதுக்கு வெளியில பேர், விலாசம் எழுதோணும். பாக்கிறவன் எல்லாம் எங்கட வீட்டைக் காணத் தேவையில்லை. உள்ளுக்கு எழுதியிருக்கிறன், அதுவே போதும்."

நீங்களே முத்திரை ஒட்டி, பரந்தன் சந்திக்குச் சைக்கிளில் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தீர்கள். நமக்கெல்லாம் அப்போது இருந்த பயம் அப்படி. அதற்காக உங்களை நோக மாட்டேன். ஆனால் இந்த ஈயம்?

போன வெள்ளிக்கிழமை அதைக் கிளிநொச்சியில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனேன். ஓர் அவுன்ஸ் என்றால் இருபத்தெட்டு கிராம் சொச்சம். உங்கள் ஈயம் முப்பத்தாறு காட்டியது; அதை வைத்து நிறுத்ததால்தான் பாரமான கடிதமும் உங்களுக்கு ஓர் அவுன்ஸாகத் தெரிந்திருக்கிறது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, பவுண் எண்டு நினைச்சு வாங்கினதோ?" என்று கேட்டார். நான் வெளியே வந்து, வெயிலில் நின்று அழுதேன்.

கடிதம் ஏன் பாரமானது என்று உங்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழின் பிரதி, பள்ளிக்கூடப் படம், அதோடு துணுக்காய் அக்கா தன் கையால் எழுதித் தந்த இரண்டு தாள். நாம் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்த பிள்ளையை, அதன்பிறகு அவர்கள் ஏற்றிப்போன பஸ்ஸுக்குள் கண்ட ஒரே சாட்சி அவர். அவரும் காலமாகிவிட்டார். அந்தத் தாளை அவர்கள் கண்டிருந்தால்? அப்போதே தேடியிருந்தால்? இந்தக் கேள்வியை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

அம்மாவிடம் மூன்று நாள் மறைத்தேன். பதில் வராத ஒவ்வொரு மாதமும் "வாசிச்சுப்போட்டும் பேசாமல் இருக்கினம்" என்று வைதுகொண்டு இருந்தவர் அவர். உங்கள் பிழை என்று தெரிந்தால் மனமுடைந்து போவார் என்று பயந்தேன். நேற்றுக் குசினியில் அவர் அரிசி களைந்துகொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கை அப்படியே நின்றது. உங்களை ஒரு சொல் குறை சொல்லவில்லை.

"அப்ப, அவன் இல்லையெண்டு ஒருத்தரும் சொல்லேல்லைத்தானே, பிள்ளை," என்றார்.

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எப்படித் தாங்குவேன்? இத்தனை வருடமும் மெல்ல மெல்ல ஆறிக்கொண்டு வந்தவர், இப்போது முதல் நாளிலிருந்து காத்திருக்கத் தொடங்கிவிட்டார். எனக்கோ நம்பவும் தைரியம் இல்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

திங்கட்கிழமை கடிதங்களோடு அந்த அலுவலகத்துக்குப் போகிறேன். "நானும் வாறன்," என்று அம்மா சீலையை எடுத்து வைத்துவிட்டார். தனியே போனால் வீட்டுக்கு வரும் வழியில் பதிலைக் கொஞ்சம் மாற்றியாவது சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். இனி அதற்கும் வழியில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கேட்போம் அப்பா. அவர்கள் வாயால் ஒரு பதில் வராமல் அந்தக் கதிரையை விட்டு எழும்பமாட்டோம். என்ன பதில் வந்தாலும் அம்மாவின் கையை விடமாட்டேன்.

உங்கள் மூத்தவள்,
தம்பிக்கு இன்னும் அக்கா