பெமிலாவின் ஓகே

ஜூலை 28, ஞாயிறு
டெனிஷ் வீட்டார் வந்து பெண் கேட்டுப் பேசிவிட்டுப் போனார்கள். பையனின் போட்டோவை மஸ்கட்டுக்கு, பெமிலாவுக்கு அனுப்பினேன். "ஓகே மம்மி" என்று பதில். வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "பிள்ள ஓகே சொல்லிட்டா. போதகரப் பாத்து ஓலைல பேரு வாசிக்கக் குடுத்திருவோம்."

ஜூலை 30, செவ்வாய்
தையல் கடையில் இன்று வேலை இல்லை. மகள் அனுப்பிய பழைய மெசேஜ்களைப் பார்த்தேன். மீன்கறி படத்துக்கு ஓகே. கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காதபோது ஓகே. போனை வை என்பதும் ஓகே. இரண்டு ஓகே சேர்ந்து வந்தால் கோபம். காய்ச்சலில் கிடந்தபோதும் ஓகே என்றுதான் போட்டாள். டிரிப் ஏற்றியதை, அவளோடு தங்கியிருக்கும் ஷைஜா சொல்லித்தான் அறிந்தேன்.

கல்யாணத்துக்கு வந்தது இதில் எது?

ஆகஸ்ட் 4, ஞாயிறு
ஆராதனையில் முதல் ஓலை, கல்யாண அறிவிப்பு, வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்தால் கல்யாணம் உறுதி. ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்றார் போதகர். சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டியவள் மஸ்கட்டில் இருக்கிறாள். அவளுக்குத் தகவல் சொன்னேன். ஓகே.

ஆகஸ்ட் 6, செவ்வாய்
சோறு அடிபிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 9, வெள்ளி
அவளுக்கு லீவு. கூப்பிட்டேன். "ஏட்டி, ஓகேன்னு மட்டும் சொல்லாத. பிடிச்சிருக்கா, இல்லியா?"
"எல்லாம் முடிவு பண்ணிட்டுதான கேட்டிய. நான் வேற என்ன சொல்ல?" என்று அழுதாள். இப்போது கல்யாணமே வேண்டாமாம். வேறு யாரும் மனசில் இல்லை. வேண்டாம், அவ்வளவுதான்.
எனக்கும் அழுகை வந்தது. என்ன தாய் நான்?

ஆகஸ்ட் 10, சனி
இவர் ஆடித் தீர்த்தார். "ஒரு ஓலை வாசிச்சாச்சு. சபைல எப்பிடித் தலைகாட்ட?"
"உங்க தலையவிட பிள்ள பெரிசு" என்றேன்.
டெனிஷின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். நன்றாக ஏசினார். அவர் நியாயம் அவருக்கு. அப்புறம் போதகர் வீட்டுக்கு நடந்தேன். இவர் வரவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு
ஓலையில் வேறு ஒரு ஜோடியின் பெயர் மட்டும் வந்தது. பின் பெஞ்சில் குசுகுசுப்பு. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது தூறல். இவர் குடையை என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார்.
மதியம் பெமிலா கூப்பிட்டாள். இவர்தான் எடுத்தார்.
"சாப்பிட்டியா மக்கா?"
அவள் ஏதோ கேட்டாள்.
"எனக்கென்ன. அப்பா ஓகேதான்" என்றார்.
அது காய்ச்சலில் சொல்கிற ஓகே.